ஏணை கட்ட ஒரு கொக்கி

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில், எங்கள் கரும்பு நிலத்தை ஒட்டி அப்பா புதுவீடு கட்டியபோது எனக்குத் திருமணமாகிவிட்டிருந்தது. ஆகவே அந்த வீட்டு அலங்காரத்துக்கு நான் பொறுப்பில்லை. சென்னையில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் கண்ணாடிச் சரவிளக்கைப் பார்த்து வாய் பிளந்தவர், அதேபோல் ஒன்றை வாங்கிவந்து கூடத்தின் நடுவில் தொங்கவிட்டார். மண்டபத்துக் கூரை எவ்வளவு உயரம், நம் வீட்டுக் கூரை எவ்வளவு உயரம் என்று அவர் யோசிக்கவே இல்லை. கூடத்துக்கு வந்த ஆண்கள் எல்லாரும் விளக்கு இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்தார்கள். அப்பா அதைத் தனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

கரும்பு டிராக்டர் போகும்போதெல்லாம் சாலைப் புழுதி முழுக்க அதன் மேல்தான். மழைக்காலத்தில் ஈசல். ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பது அம்மாவின் வேலை. "சாண்ட்லியர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது அப்பாவின் வேலை.

தலைப்பிரசவத்துக்கு அங்கே போனேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்றே அம்மா, துவைத்து வைத்திருந்த தன் பழைய நூல்புடவையை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் கூரைக் கொக்கியில் கயிறு போட்டு, புடவையில் ஏணை கட்டித்தான் பிள்ளையைத் தூங்கவைப்போம். அதற்காகவே, யாரும் சொல்லாவிட்டாலும் கொத்தனார் கூடத்தில் ஒரு கொக்கி விட்டுவிடுவார். எங்கள் வீட்டிலும் விட்டிருந்தார். அதில் விளக்கு தொங்கியது. மற்ற அறைகளிலோ, அழகு என்ற பெயரில் பால்ஸ் சீலிங் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டார் அப்பா. பிள்ளை பெற வரும் மகளை உத்தேசித்துக் கட்டிய வீடாம்!

"அத்த கயட்டி வெச்சிட்டு ஏணய கட்டுங்க" என்றாள் அம்மா.

"இன்னா பேசற நீ? சம்மந்தி வூட்டுக்காரங்க புள்ளய பாக்க வர்ற நேரத்துல கூடம் மொட்டையா கெடக்கறதா?" என்றார் அப்பா.

ஏணைக்குப் பதிலாக ஓர் இரும்புத் தொட்டில் வாங்கிவந்தார். அதில் போட்டால் குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா கால் நீட்டி உட்கார்ந்து மடியிலேயே வைத்திருந்தாள். தையல் வலியோடு நானும் மாற்றி மாற்றித் தூக்கினேன்.

"கொழந்த தூங்கவே மாட்டேங்குதுப்பா" என்று நானே கேட்டுப் பார்த்தேன்.

"பழகிப்பூடும்மா. டவுன்ல எல்லாம் இப்டித்தான்" என்றார், விளக்கைப் பார்த்துக்கொண்டே. அப்போது அவரை மனதார வெறுத்தேன்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து என் மாமியார் வீட்டார் வந்தார்கள். பட்டப்பகலில் அப்பா எல்லா பல்புகளையும் போட்டார். மாமியார், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அந்த கொக்கியிலதான ஏணை கட்டணும்?" என்று கேட்டார் மாமியார்.

"சாண்ட்லியருங்க. வெயிட்டு ஜாஸ்தி. கயட்ட முடியாதுங்க."

"அப்ப புள்ளயயும் தாயயும் நாங்க இட்டுக்கினு போறோங்க. எங்க வூட்டு கொக்கி சும்மாதான் இருக்குது."

மூன்றாம் மாதம் சீர் வைத்து அனுப்பவேண்டிய பெண்ணை நடுவில் கூட்டிப்போவது, தாய்வீட்டுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் விளக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, "தலைய பாத்து போங்க, இடிச்சிக்கப் போறீங்க" என்றார்.

அம்மா நூல்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு எங்களோடு காரில் ஏறிவிட்டாள்.

எலவனாசூர்கோட்டையில் ஏணை கட்டிப் போட்டதும் என் மகள் தூங்கிப்போனாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டினாள். சம்பந்தி வீட்டில் ஒருவாய்த் தண்ணீர் குடிக்கவும் கூச்சப்படுகிறவள் அவள். மாமியார் அவளுக்கும் பாய் எடுத்துவைத்துவிட்டு உள்ளே போனதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"புள்ள பெத்த எம் பொண்ணுக்கு பண்டுதம் பாக்க, எனுக்கு ஒரு வூடு இல்லாம பூட்ச்சேடி" என்றாள்.