கணவரிடமும் அதே கேள்வி

மலேசியாவில் பாலோ என்ற ஊருக்கு அருகில், காட்டில் விலங்குகளுக்குக் கண்ணி வைப்பதை நிறுத்திய குடும்பங்களுக்குத் தேனீப் பெட்டிகள் கொடுத்திருந்தார்கள். அந்தத் திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கப் போயிருந்தேன். ஊர்க்காரர்களே வீடு வீடாக விவரம் சேகரித்தார்கள். என்னை அழைத்துப்போனவர் நெடுநெடுவென்று உயர்ந்த ஓர் அக்கா. நன்கு பழகியவர்களிடம்கூடப் பெயரைக் கேட்டுத்தான் தொடங்குவார்.

கடைசியில் அவர் வீட்டுக்கே போனோம். அக்கா தன் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, "உங்க பேரு?" என்றார். கணவர் சிரித்தபடி சொன்னார்.

"இன்னும் கண்ணி வைக்கிறீங்களா?"

"இல்ல லா."

அக்கா கைப்பேசியில் 'ஆம்' என்று பதிந்தார். கணவர் முகம் சுருங்கி, எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

"பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவாங்களே அக்கா" என்றேன்.

"எடுக்கட்டும் தம்பி. இவர விட்டுட்டா, பக்கத்து வீட்டுல நான் எப்படிப் போய்க் கேக்குறது?"

கணவர் திரும்பி வந்து, ஒரு கட்டுக் கம்பிக் கண்ணிகளைத் தரையில் போட்டார். "இப்ப இல்லன்னு போடு."

"அடுத்த தடவ கேப்பேன்ல, அப்பப் போடுறேன்."

அடுத்த கணக்கெடுப்புக்கு என்னை அனுப்பவில்லை. அந்த வீட்டில் என்ன பதில் பதிவானது என்று அறிய எனக்கு இன்னமும் ஆவல்.