கேட்காமல் போட்ட பேர்

மார்த்தாண்டத்தில் எங்கள் ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடிக்கு ஏறினால், சேலை கண்ணில் படுவதற்கு முன்பே ஞானபாய் அக்காவின் சத்தம் காதில் விழும். இருபத்திமூன்று வருஷமாக அங்கே நிற்கிறாள். மூக்குக்கு மேல் கோபம். ஏசி ஓடாவிட்டால் ஏசுவாள், ஓடினால் கால் மரத்துப் போகிறது என்று ஏசுவாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது முதலாளி இரண்டு ஸ்டூல் வாங்கி, அதன் மேல் துணியை அடுக்கி வைத்தார். அக்கா துணியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கும் ஏச்சுதான்.

நான் ஓமனா, கீழே பில் போடுகிறவள். இதில் வருகிற மற்றவர்களின் பேரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். அது அக்காவின் கண்டிப்பான உத்தரவு.

போன வருஷம் ஆடி மாதம், லேபர் ஆபீசிலிருந்து ஆள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பெண்களுக்குத் தொல்லை கொடுத்தால் விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டுமாம், அதை போர்டில் ஒட்ட வேண்டுமாம். முதலாளி போனில் பேசிக்கொண்டே பேர் சொன்னார், நான் டைப் அடித்தேன். தலைவர் ஞானபாய். உறுப்பினர்கள் ஓமனா, மாடி சூப்பர்வைசர் சத்தியராஜ். வெளியிலிருந்து ஒருவர் வேண்டுமே என்றதற்கு, "அங்க ஒரு கோடு போட்டு விடு" என்றார். லேமினேட் பண்ணி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டினேன். தலைவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆபீசிலிருந்து ஆளும் வரவில்லை.

ஓணம் வியாபாரம் சூடு பிடித்த நேரம், குலசேகரத்திலிருந்து வருகிற ஜிஷா அக்காவிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அப்பா படுக்கையில், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"கூட்டம் கழுத்த நெரிக்குது, இப்பமாட்டி போற?" என்று அக்கா கத்தியிருக்கிறாள். பிள்ளை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "போர்டுல உங்க பேரு கெடக்கு அக்கா. அதான் உங்ககிட்ட சொன்னேன்."

அக்கா படியிறங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைப் படித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி ஓமனா, எனக்ககிட்ட கேக்காம எனக்க பேர எழுதினது ஆருட்டி?"

"முதலாளி சொன்னாரு அக்கா."

"அந்த சத்தியராஜுக்க பேரும் அவரா சொன்னாரு?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

விஷயம் இதுதான். சேலை உடுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, மாடியில் விற்கிற பிள்ளைகள் அதைத் தங்கள் தோளில் போட்டுக் காட்டுவார்கள். சத்தியராஜ் "மடிப்பு சரியில்ல" என்று பக்கத்தில் வருவான். கை தோளில் தொடங்கி இடுப்பில் போய் நிற்கும். வாங்க வந்தவர்கள் எதிரிலேயே. பார்க்கிறவர்களுக்கு அது வேலை. கத்தினால் பிள்ளைக்குத்தான் பைத்தியம் என்பார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த மாடியில் நின்றவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கால் வலி என்று பொய் சொல்லி பில் போடக் கீழே வந்தவள். இப்போது நினைத்தாலும் என் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

அக்கா, சர்ச்சில் பழக்கமான பெமிலாவைக் கூப்பிட்டாள். பெண்கள் அமைப்பொன்றில் வேலை பார்க்கிறவர். புகாரை எழுத்தில் வாங்குங்கள், நடந்து மூன்று மாதத்துக்குள் வாங்குங்கள், பிள்ளையின் பேர் வெளியே போகக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா பில் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். போர்டில் நான் போட்ட கோட்டின் மேல் என்னையே ஒரு சீட்டு ஒட்ட வைத்து, அதில் பெமிலாவின் பேரை எழுத வைத்தாள்.

முதலாளிக்கு ஒரே சலிப்பு. "அக்கா, இத எதுக்குப் பெரிசாக்குதீங்க? பிள்ளைய கீழ குழந்தைங்க துணிக்கு மாத்திருவோம்."

"தப்பு செய்தவன் மேல, இவ கீழயா? நல்ல நியாயம்! அவளுக்கு மேலதான் கமிஷன். அத ஆரு குடுப்பா?"

விசாரணை குடோனில் நடந்தது. பெமிலாவும் ஜிஷாவும் வந்திருந்தார்கள். சத்தியராஜ் வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நானும் மெம்பர்தானே என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எழும்பி எதிர்ல போய் இரி," என்றாள் அக்கா.

அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. அது தொழில் என்றான். அக்கா ஒரு சேலையை உருவித் தோளில் போட்டு, கண்மூடித் திறப்பதற்குள் மடிப்பைப் பிடித்து நிறுத்தினாள். "இருவத்திமூணு வருசமா இப்பிடித்தான் போடுகேன். எவன் கையும் எனக்கு வேண்டி வரல்ல. உனக்க கை எதுக்கு?"

"பதினஞ்சு வருசமா எல்லாருக்கும் சரி பண்ணிக் குடுக்கேன். ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா?" அவன் என் பக்கம் கையைக் காட்டினான். "ஓமனாவும் மேல நின்னவதான். கேளுங்க."

நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஜிஷா என்னையே பார்த்தாள்.

"எனக்கும் செய்தான். அதுக்குத்தான் நான் கீழ போனேன்," என்றேன்.

சாட்சி சொல்கிறவள் குழுவில் இருக்கக் கூடாது என்று பெமிலா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். என் இடத்துக்குத் தையல் பிரிவு செல்லக்கனியை வரவழைத்தார்கள். ஒரு மாதத்தில் அறிக்கை போனது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சத்தியராஜைக் கணக்கு முடித்து அனுப்பினார். ஜிஷா மாடியிலேயே நிற்கிறாள்.

நான் சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் அக்கா என்னை பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். "பதினோரு வருசம்! ஒரே மாடியில நான் நின்னேன். எனக்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாயி இல்லியாட்டி?"

"நீங்க ஏசுவீங்கன்னு பயந்தேன் அக்கா."

அக்கா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பஸ் வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.