கிழிசலின் இரு முனைகள்

எழுபதுகளில் துறைமுக வேலை முடிந்து நான் வரும் எண்ணூர் ரயிலில் ஒரு கணக்குப் பேராசிரியர் வருவார். வீடு இராயபுரத்தில். அங்கே இறங்க மாட்டார். எண்ணூர்வரை போய்த்தான் திரும்புவார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கிழித்து, கிழிசலின் ஓரங்களைக் குறுக்காக ஒட்டிய இரண்டு தாள்கள் எப்போதும் கையில் இருக்கும்.

"கிழிசல் வழியா மேல் தாள்லேர்ந்து கீழ்த் தாளுக்குப் போகலாம். அதோட முனைகளை நகர்த்தினா மொத்தப் பரப்பும் மாறும். எப்படி மாறும்னு சொல்ற சமன்பாட்டைத் தேடறேன்" என்றார் ஒருநாள்.

எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த, அவர் வீட்டுக்கு மீன் கொடுக்கும் காசிமேட்டு அம்மா கேட்டாள்: "ரெண்டு முனையும் ஒண்ணா சேந்துபூட்டா இன்னா ஆவும் சார்?"

"தாளுங்க ஒரே புள்ளியில தொட்டுக்கிட்டிருக்கும். போக வழி இருக்காது."

"புள்ள போய்ச் சேந்தப்புறம் நீயும் வூட்டம்மாவும் கீற மாதிரி."

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அவ சாதம் போடும்போது மட்டும் கை படும்மா."

மறுநாளும் அவர் இராயபுரத்தில் இறங்கவில்லை.