அய்யாசாமியின் மூக்கு

அளவு நாடாவின் ஒரு முனையைப் பழனியப்பன் பிடித்திருந்தான். மறுமுனை அவன் அப்பா அய்யாசாமியின் கையில். ரங்கூன் நகராட்சியில் சாக்கடைகளுக்குப் படம் வரைவது பழனியப்பனின் உத்தியோகம். நாடா பிடிக்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். முகல் தெருவின் பின்பக்கச் சந்து ஒன்றை அளந்து முடித்த படம் மறுநாள் காலை துரையின் மேஜைக்குப் போக வேண்டும். "இன்னைக்குக் கப்பல் இல்லே, சும்மாதானே இருக்கேன், வாறேன்" என்று அப்பா கிளம்பினார். வாயையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர் அவர். மதராஸ் கப்பலிலிருந்து கால் தள்ளாடி இறங்குகிற ஜனம் அவரைத்தான் கேட்கும்: எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம்? மற்ற கூலிகள் கமிஷன் கொடுத்த கடையைக் காட்டுவார்கள். அய்யாசாமி யாரிடமும் காலணா வாங்கியதில்லை. அதனாலேயே எல்லோரையும் திட்டத் தனக்கு உரிமை உண்டு என்று நினைத்தார்.

"ஐயர் கிளப்பா? சாம்பார்லே பருப்பைத் தேட லாந்தர் கொண்டு போ."

"அந்தச் சத்திரத்துலயா படுக்கப்போறே? மூட்டைப்பூச்சியே உன்னைத் தூக்கிட்டு வந்து மறுபடி கப்பல்லே ஏத்திரும்."

"மிருகக்காட்சி சாலைக்கு எதுக்குக் காசு? லாட்ஜ் திண்ணையைப் பாரு, எல்லா மிருகமும் அங்கேயே இருக்கு. சூலே பகோடான்னு புத்தர் கோயில் இருக்கு, பாத்துட்டு வா, அது ஓசி."

ஜனம் சிரித்தது, அவர் சொன்ன பக்கமே போனது. காசு வாங்காதவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிற உலகம் இது. அவன் தப்பும் சொல்ல மாட்டான் என்று சேர்த்தே நம்பிவிடுகிறது.

நூருன்னிசாவின் சோற்றுக்கடைக்கு மட்டும் ஆறு வருஷமாக ஒரே தீர்ப்பு. "அங்கே போகாதே. குழம்புலே ஙப்பி கலக்குறா." ஙப்பி என்பது பர்மாக்காரர்கள் மீனைப் புளிக்கவைத்து இடிக்கும் விழுது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்கு அந்த நாற்றத்தைப் பற்றிச் சொன்னாலே பசி பறந்துவிடும். அந்தக் கடையில் அய்யாசாமி ஒரு வாய் சோறு தின்றதில்லை. வாசலில் நின்று மோந்து பார்த்தார், அவ்வளவுதான்.

சந்தில் நாடா நூருன்னிசாவின் அடுக்களைப் பின்சுவரை எட்டியது. பழனியப்பன் குனிந்து பார்த்தான். எழுந்து பக்கத்துக் கிடங்கை எட்டிப் பார்த்தான். உள்ளே வரிசையாக ஙப்பி ஜாடிகள்.

"அப்பா, இந்தக் கிடங்கைக் கழுவுற தண்ணி அவங்க தரைக்கு அடியிலே ஓடுது. கடை வாசல்லே இருக்கிற சாக்கடைச் சல்லடையிலேதான் வெளியே வருது."

"அப்ப அந்த நாத்தம்?"

"வாசல்லே மட்டும்தான் அடிக்கும். உள்ளே போனா இருக்காது."

அய்யாசாமி நாடாவைக் கீழே விட்டார். பின்கதவு திறந்தது. கையில் கஞ்சிச் சட்டியோடு நூருன்னிசா நின்றாள்.

"என்ன அய்யாசாமி அண்ணே, முன்பக்கம் மோந்தது பத்தாம பின்பக்கமும் வந்துட்டீகளா?"

"தங்கச்சி, நான் தெரியாம..."

"பெஞ்சு நாலு கெடக்கு. பூனைதான் வந்து உட்காருது. இந்த மாசத்தோட கடையைச் சாத்துறேன். நீங்க நிம்மதியா இருங்க."

"தப்புதான் தங்கச்சி."

"சந்துலே சொன்னா சாக்கடைக்குத்தான் கேக்கும். எங்கே நின்னு என்னைப் பேசுனீகளோ அங்கே நின்னு சொல்லுங்க."

"வியாழக்கிழமை கப்பல் வருது. இறங்குற கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றேன். முதல் பந்தியிலே நானே உட்கார்ந்து திங்கிறேன். இது அய்யாசாமி வாக்கு."

"அந்த வாக்காலதானே ஆறு வருஷமா பூனைக்குச் சோறு வைக்கிறேன்!"

வீடு வரும்வரை அய்யாசாமி எந்தக் கடையையும் திட்டவில்லை. வாசலில் நின்று கேட்டார்: "ஆறு வருஷம்னா எத்தனை கப்பல்டா?"

"வாரம் ஒண்ணுன்னு வச்சாலும் முந்நூறு."

மகன் கணக்குச் சரியாகத்தான் சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

புதன்கிழமை மத்தியானம் ஜெட்டியில் ஓர் அரிசி மூட்டையை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்று டாக்டர் எழுதினார். அய்யாசாமி உயிரோடு இருந்தவரை அந்த டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு சொல் எழுத வேண்டியிருந்தது, எழுதினார்.

வியாழன் காலை க்யிம்யிண்டைங் சுடுகாட்டுக்குக் கூலிகள் தூக்கிப் போனார்கள். "பொய்யே பேசாத மனுசன்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பழனியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

மொட்டைத் தலையோடு நேரே ஜெட்டிக்கு வந்தான். கப்பல் வந்திருந்தது. நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, கூலி கருப்பையா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கே வேணா போங்க, நூருன்னிசா கடைக்குப் போகாதீங்க. ஙப்பி. நான் சொல்லலீங்க, அய்யாசாமி அண்ணன் சொன்னது. செத்தவர் வாக்கு."

"மாமா, அது தப்பு. அப்பாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. கிடங்குச் சாக்கடை அவங்க தரைக்கு அடியிலே..."

கருப்பையா அவன் தோளைத் தட்டினார். "துக்கத்துலே பேசுறே, தம்பி. அப்பனைக் காலையிலே எரிச்சுட்டு மத்தியானம் அவர் பேச்சையே மறுக்கலாமா? வீட்டுக்குப் போ."

கூட்டம் ஐயர் கிளப் பக்கம் நடந்தது.

பழனியப்பன் சோற்றுக்கடைக்குப் போனான். நாற்பது பேருக்கு வடித்த சோறு ஆவி அடங்கிக் கிடந்தது. செய்தி நூருன்னிசாவுக்கு எட்டியிருக்கவில்லை. முதல் பெஞ்சுக்கு எதிரே வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாள். மற்றவர்களுக்குத் தகரத் தட்டு. அய்யாசாமிக்கென்று இலை வாங்கியிருந்தாள்.

"எங்கே உங்க அப்பா?" என்றாள். அப்புறம்தான் அவன் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

கொள்ளி வைத்தவன் அன்று வெளியே கை நனைக்கக் கூடாது. அவன் தின்றாலும் அதைப் பார்த்து ஜெட்டியில் போய்ச் சொல்ல ஆளில்லை. ஜெட்டிக்காரர்கள் பார்க்க, அய்யாசாமி அங்கே உட்கார்ந்து ஒரு வாய் தின்றிருக்க வேண்டும். தின்னவில்லை.