மாடிக்கு வராத தண்ணீர்

டெல்லி கரோல் பாக்கில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், ஒரு அக்டோபர் மாதம் குழாய்த் தண்ணீர் திடீரென்று நூலாக இளைத்துவிட்டது. ஒரு வாளி நிரம்புவதற்குள் நான் முகம் மழித்து, பேப்பர் படித்து, கோபமும் பட்டு முடித்துவிடலாம். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வாளி தூக்கிப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் சரியாகாவிட்டால் அவளை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். அவளை விட்டுவிட்டு இருக்க எனக்கு மனமில்லை.

நான் சர்க்கார் குமாஸ்தா, எதையும் முறைப்படி ஆராய்பவன். குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினேன். பைப்புக்குள் குடைக்கம்பியை விட்டுக் குத்தினேன். குடை போனதுதான் மிச்சம். கீழ்வீட்டிலோ தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காலையில் அங்கிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தமும் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கீழே இருக்கும் வீட்டுக்காரப் பஞ்சாபிக் கிழவர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்! மொட்டைமாடித் தொட்டியை நான் போய்ப் பார்க்கவில்லை. குற்றவாளி கிடைத்த பிறகு தொட்டி எதற்கு?

"அவரு அப்படிச் செய்ய மாட்டாரு. நீங்களா எதையாவது முடிவு கட்டாதீய" என்றாள் மனைவி. நான் கேட்டால்தானே. ஆபீஸ் டைப்ரைட்டரில் தண்ணீர் இலாகாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் தட்டினேன். கீழ்வீட்டுக்காரரின் திருட்டு மோட்டார் என்ற இடத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மாலை வீடு திரும்பினால், எனக்கு முன்னால் அந்தக் கிழவரே படியேறிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் வாளி. மூச்சு வாங்கியது.

"நம் பெண் இந்த நிலைமையில் தண்ணீருக்கு என்ன செய்வாள், பாபுஜி? மூன்று நாளாக நான்தான் கொண்டுவருகிறேன்" என்றார் இந்தியில்.

மனைவி வாசலில் லஸ்ஸி டம்ளரோடு நின்றாள். "அவுக வீட்டுல லஸ்ஸி கடைய கரண்டு மத்து வாங்கிருக்காக. காலைல உர்ருனு கேக்குல்லா, அது இதான்."

கிழவர் என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தை உருவிப் பார்த்தார்.

"தண்ணீருக்குப் புகாரா? ஷாபாஷ்! இரண்டு கையெழுத்து இருந்தால் பலம்."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் பேனாவையே வாங்கி, உருதுவில் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"கொடுப்பதற்கு முன் தொட்டியையும் பார்த்துவிடுவோம்" என்று என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். கீழ்வீட்டுக்கு நேர்க்குழாய். தொட்டி எங்களுக்கு மட்டும்தான். அது தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. அவர் தோள்வரை கையை விட்டு, குழாய் கிளம்பும் இடத்தில் துழாவினார். சேறு அப்பிய ஒரு துணி வெளியே வந்தது.

"தண்ணி வந்துட்டு!" என்று கீழிருந்து மனைவி கூவினாள்.

அவர் துணியை அலசினார். பச்சைக் கரை தெரிந்தது. அந்தத் தெருவிலேயே வேட்டி கட்டுகிறவன் நான் ஒருவன்தான். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வந்தபோது, ஊரில் குழாய் வாயில் துணி கட்டுகிற வழக்கப்படி, பழைய வேட்டியைக் கிழித்துத் தொட்டிக்குள் கட்டியவனும் நானே. கட்டியதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். "இனி அந்தக் காகிதம் எதற்கு? கிழித்துப் போடு" என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழிப்பதாகத் தலையாட்டினேன்.

மகள் டெல்லியிலேயே பிறந்தாள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவரைத் திருடன் என்று நான் எழுதியதற்குக் கீழே, எனக்காக அவர் போட்ட கையெழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது.