தளர்த்திவிட்ட நாடா

என் மகளுக்கு லைப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டது நான்தான். இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான் பழவேற்காட்டில் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். என் வீட்டுக்காரருக்கு மீன்பிடித் தொழில். அவருடைய ஊர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிடக்கிற சின்னக் குப்பம். அங்கே போக எங்களுக்குப் படகுதான் வழி. வார நாட்களில் அவர் வலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வெளியூர் ஜனங்கள் வருவார்கள். பார்த்து முடித்ததும் படித்துறைக்கு வந்து ஏரியில் ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் எங்கள் ஃபைபர் படகில் ஆறு ஜாக்கெட்டுகள் இருந்தன. ஆரஞ்சு நிறம், ஆறும் ஒரே அளவு. அவர்கள் இறங்கிப் போனதும் அவற்றைப் பலகைமேல் போட்டு நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். எங்கள் பிள்ளைகளுக்கும் அதை மாட்ட வேண்டும் என்று அந்தக் கரையில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. மகளுக்கு நாலரை வயது. படகில் ஓர் இடத்தில் உட்காரமாட்டாள்.

கூடையில் கிடக்கும் நண்டுகளுக்குப் பயந்துகொண்டு எட்ட நின்றே அவற்றோடு பேசுகிறவள் அவள். "நைனா உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாரு, அழாதீங்க" என்பாள். ஜாக்கெட்டுக்குப் 'பூசணிச் சட்டை' என்று பெயர் வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் காலை குப்பத்துக்குக் கிளம்பினோம். நான், அவர், மகள், அவருடைய தங்கை, நாலு பேர். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தது. வாடைக்காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை.

நான் மகளை மடியில் நிற்கவைத்து ஜாக்கெட்டை மாட்டினேன். நாத்தனார் சிரித்தாள்.

"இன்னா அண்ணி, கரையில பொறந்த புள்ளைக்குப் போயி இத மாட்டிகினு கீறீங்க?"

"இருக்கட்டும்மே. துள்ளிக்கினே இருப்பா."

ஜாக்கெட் அவள் முழங்காலைத் தொட்டது. தோள்பட்டை இரண்டும் காதுவரை எழும்பி நின்றன. முன்பக்கத்தில் மூன்று நாடாக்கள். கீழே இருந்ததில் கொக்கி உடைந்துபோய், அவர் அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டிவைத்திருந்தார். மூன்றையும் இழுத்துக் கட்டினேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இறுக்குதும்மா. மூச்சு முட்டுது."

புதுப் பாவாடை சட்டை வேறு கசங்குகிறது. மேல் நாடாக்களையும் கீழ்க் கயிற்றையும் தளர்த்திவிட்டேன். "இப்போ?" என்றேன். "இப்போ ஜோரு" என்றாள்.

முகத்துவாரத்தை நெருங்கும்போது ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வாடை தள்ளுகிறது. அந்த நேரத்தில் அங்கே அலை எழும்பும் என்று அவருக்குத் தெரியும், ஓரமாகவே ஓட்டினார். ஆனால் தண்ணீருக்குள் யாரோ விட்டுப்போன பழைய வலைத் துண்டு மிதந்துகொண்டிருந்தது. அது எஞ்சின் விசிறியில் சுற்றி, எஞ்சின் நின்றது. அவர் பின்னால் குனிந்து கத்தியால் அறுத்துக்கொண்டிருக்கும்போதே படகு திரும்பி அலைக்குப் பக்கவாட்டைக் காட்டியது. முதல் அலை எங்களை நனைத்தது. இரண்டாவது அலை கவிழ்த்தது.

நான் மேலே வந்தபோது கையில் படகின் விளிம்பு கிடைத்தது. நாத்தனாரும் அதையே பற்றியிருந்தாள். பத்தடி தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. "பாப்பா அங்க கீது!" என்று கத்தினேன். அவர் நீந்திப் போய் அதைப் பிடித்தார். பிடித்ததும் அவர் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

ஜாக்கெட் மட்டும்தான் இருந்தது. நாடாக்கள் அவிழவில்லை, அறுந்துபோகவும் இல்லை. தண்ணீரில் விழுந்த வேகத்தில் அவள் கைகள் மேலே போயிருக்கும். ஜாக்கெட் மேலே மிதக்க, அவள் கீழே நழுவிப் போயிருக்கிறாள்.

மற்ற படகுக்காரர்கள் வந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். குப்பமே தண்ணீரில் இறங்கித் தேடியது. பொழுது சாய்வதற்குள் அவளைக் கண்டெடுத்தார்கள். குப்பத்து மணல்மேட்டின் தென்பக்கம் புதைத்தோம். நூற்றாண்டுகளுக்கு முன்னால் செத்துப்போன டச்சுக்காரர்களுக்கு இந்த ஊரில் பெயர் வெட்டின கல் இருக்கிறது. என் பிள்ளை படுத்திருக்கும் இடத்தில் அடம்புக்கொடிதான் படர்ந்திருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். "நீ ஜாக்கெட் போட்டுத்தானே கூட்டினு போன. உன் மேல இன்னா தப்பு?" நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தளர்த்தியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களில் அந்த ஆறுதல் வேறு ஒன்றாக மாறியது. படித்துறையில் ஜாக்கெட் பேச்சு வந்தாலே, "அத்தப் போட்டு இன்னா ஆச்சு? அங்கன்வாடிக்காரம்மா புள்ள போட்டுகினுதான போச்சு?" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வெளியூர்க் குழந்தைகளுக்கு மாட்டுவதைக்கூடச் சிலர் நிறுத்தினார்கள். என் மகளுடைய சாவு, அடுத்த பிள்ளைக்கு ஜாக்கெட் வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துறையோரம் போய்க்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு தாய், பையிலிருந்து ஒரு குட்டி ஜாக்கெட்டை எடுத்துத் தன் மகளுக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முன்னால் கொக்கிகளைப் பூட்டினாள். பிறகு கால்களுக்கு நடுவே ஒரு நாடாவைக் கொடுத்து முன்பக்கம் கொண்டுவந்து பூட்டினாள். கடைசியில் ஜாக்கெட்டின் தோள்களை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். ஜாக்கெட்டோடு குழந்தையும் எழும்பி நுனிக்காலில் நின்றது.

"ஏம்மா அப்படித் தூக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தூக்கும்போது ஜாக்கெட் காதுக்கு மேல வந்துட்டா பெருசுன்னு அர்த்தம். பிள்ளை நழுவிடும். இந்தக் கால் நாடா இருந்தா நழுவாது. உள்ள பாருங்க, எத்தனை கிலோ பிள்ளைக்குன்னு போட்டிருக்கும்."

மேற்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கொல்லையில் எறிந்திருந்த அவளுடைய ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் பார்த்தேன். உப்புப் பூத்துக் கிடந்ததைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. பெரியவர்களுக்கானது, எடையும் போட்டிருந்தது. மாதா மாதம் இந்த ஊர்ப் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை எழுதுகிறவள் நான். என் பிள்ளை பதினாலு கிலோ. அது எனக்கு மனப்பாடம். அந்த ஜாக்கெட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தாய்மார் கூட்டத்துக்கு அந்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். பதினைந்து பெண்கள் இருந்தார்கள், நாத்தனாரும் வந்திருந்தாள். ஒரு பிள்ளையை நிறுத்தி, ஜாக்கெட்டை மாட்டித் தோளைப் பிடித்துத் தூக்கினேன். பிள்ளை தரையிலேயே நின்றது, முகம் ஜாக்கெட்டுக்குள் மறைந்தது.

"ஜாக்கெட் போட்டும் எம்புள்ள போச்சுன்னு சொல்றீங்களே, அது அப்படி இல்ல. பெருசா கீறத மாட்டினேன். இறுக்குதுன்னு சொன்னா, தளத்தி உட்டேன். நான்தான் உட்டேன். உங்க புள்ளைங்களுக்கு அளவாப் போடுங்க. அழுதாலும் தளத்தாதீங்க."

ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி, "பெத்தவளே இப்படிப் பண்ணிட்டியே" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன். நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது. வாசலில் வலைச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே பேசினார்.

"நீ தளத்துனதை அன்னிக்கே பாத்தேன்மே."

அவர் கையிலிருந்த வலையைப் பிடித்து நிறுத்தினேன். "பாத்துகினா இத்தினி நாளும் ஒண்ணும் கேக்கல?"

"இன்னான்னு கேப்பேன்? கொக்கி ஒடஞ்சத மாத்தாம கயிறு கட்டிவச்சவன் நானு. நீ சொன்னா நானும் சொல்லணும். அதான் கம்முனு கெடந்தேன்."

இத்தனை மாதமும் ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் அந்தப் படகையே மனசுக்குள் சுமந்துகொண்டு ஒருவரிடம் ஒருவர் மறைத்திருக்கிறோம். அன்றைக்குத்தான் அவர் என் முன்னால் அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை, தேற்றத் தெரியவில்லை. சேர்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் ஊர் ஒரேயடியாக மாறிவிடவில்லை. அவர் குழந்தை அளவில் இரண்டு ஜாக்கெட்டுகளைத் தேடிக் கொண்டுவந்தார், கால் நாடா வைத்தது. அது போதாமல் இன்னும் குழந்தைகள் வந்தால் படகை எடுக்கமாட்டார். வெளியூர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த படகுக்குப் போவார்கள். எங்கள் கரையில் ஏழெட்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். மற்றவர்கள் போடுவதில்லை. அந்தப் பிள்ளைகள் படகேறும் நாளில் நான் படித்துறையில் நின்று சண்டை போடுவேன். "இந்தம்மாவுக்கு வேற வேல இல்ல" என்பார்கள்.

அவளைப் புதைத்துவிட்டுத் திரும்பிய பிறகு முகத்துவாரத்தைத் தாண்டி நான் இன்னும் போகவில்லை. பொங்கலுக்கு அவர் மட்டும் போய்வருகிறார். மணல்மேட்டில் கொடியை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் பொரியும் பூவும் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். அவள் தலையில் வைக்க என்ன நிறத்துப் பூ கேட்பாள் என்று அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு வருஷமும் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்.