மடுல்சீமையில் இருநூறு லீற்றர் வெள்ளிக் கரைசல்

2005 நவம்பரில் மூன்றாவது தடவையாக, பதுளைக்கு அப்பால் மலையிலிருக்கும் மடுல்சீமைக்குப் போனேன். கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றில் தேயிலைச் சாற்றையும் வெள்ளி உப்பையும் கலந்து நானோ துகள்கள் செய்வது என் வேலை. கிருமி அண்டாத துணி நெய்ய ஒரு ஆலைக்கு அது பீப்பாய்க் கணக்கில் தேவைப்பட்டது. கண்ணாடிக் குடுவையில் எப்போதும் சரியாக வந்தது. மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் பொருத்திய இருநூறு லீற்றர் தொட்டியிலோ, இரண்டு தடவையும் துகள்கள் திரண்டு சாம்பல் நிறச் சேறாகப் படிந்தன. இனியும் சரிவராவிட்டால் இடத்தையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறினால் பதுளை சேர மாலையாகும். அங்கே தங்கி, விடிந்ததும் பசறை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். தூரம் அதிகமில்லை, பாதைதான் மோசம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் தேவகி. கொழுந்து பறிப்பதை விட்டு இந்த வேலைக்கு வந்தவர். இடத்தை மூடினால் மறுபடி மலையேற வேண்டியதுதான். ஊற்றும் வெள்ளி உப்புக் கரைசல் ஓரிடத்தில் செறிவதால்தான் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று எனக்குப் பட்டது. அதனால் இம்முறை மேலிருந்து ஊற்றாமல், கலக்கும் விசிறிக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய்களால் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

கரைசல் பாதி இறங்கியபோது மழை பிடித்தது. மின்சாரம் போய் விசிறி நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கொழாய அடைங்க மேடம், நாங்க கையால சுத்துறோம்," என்றார் தேவகி.

நான் குழாய்களை அடைத்தேன். அவரும் அங்கே வேலைசெய்த வேறு மூவரும் மோட்டார் பட்டியைக் கழற்றிவிட்டு விசிறியின் சக்கரத்தை மாறிமாறிச் சுற்றினார்கள். நானும் சுற்றினேன்; உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மின்சாரம் வந்தபின் மீதியை இன்னும் மெதுவாக விட்டோம்.

மாலையில் தொட்டி தெளிந்த பழுப்பாக இருந்தது. ஆனால் ஓரிரவு வைத்துப் பார்க்காமல் நம்ப முடியாது. காலையில் தேவகி மாதிரிக்கு எடுத்துவைத்த போத்தலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"படியலைங்க மேடம்."

"இன்னொருக்காப் பாருங்கோ," என்றேன்.

"நல்லாப் பாத்துட்டேங்க. ஒண்ணுமே படியல."

சொன்னவர் அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன். கரைசலை நிரப்பப் பீப்பாய்கள் அனுப்புவதாகச் சொன்னார்.

பெரிய தொட்டியில் செய்துபார்க்க முனைபவர்கள் விசிறியைக் கையால் சுற்றவும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். மடுல்சீமைக்குப் போகிறவர்கள் மழைச்சட்டை எடுத்துக்கொண்டு, திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் போய் இறங்கியதுமே விசாரித்துவிடுங்கள். பஸ்ஸில் மலையிறங்கும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலைகள் நன்றாகத் தெரியும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அசந்து தூங்கிப்போன நான் பசறை வரும்வரை கண்ணே திறக்கவில்லை.